பக்கத்து மேசை கண்டக்டர்

திருமயத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். கரண்ட் போகிற நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் வயர் கூடை பின்ன ஆரம்பித்தேன். எங்கள் ஊர் கரண்ட் புண்ணியத்தில் சீக்கிரமே கை தேறிவிட்டது. போன வருஷம் புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் கைவினைப் பொருள் கண்காட்சி போட்டார்கள். எங்கள் மகளிர் குழுவில் வேறு யாரும் போகத் தயாராக இல்லை. நான் கடையில் லீவு சொல்லிவிட்டு, கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எனக்கு அடுத்த மேசையில் கீரமங்கலம் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். கொட்டாங்குச்சியில் அகப்பை, கிண்ணம், விளக்கு, குருவிக்கூடு எல்லாம் செய்து பரப்பியிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்பதை நான் கேட்காமலேயே முதல் ஐந்து நிமிஷத்தில் சொன்னார். சொல்லியிருக்கவே வேண்டாம். மண்டபத்துக்குள் யார் நுழைந்தாலும் "உள்ள வாங்க, உள்ள வாங்க, வாசல்ல நிக்காதீங்க" என்று அவர் போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. விசில் ஒன்றுதான் குறை.

அவருடைய வேலை நன்றாக இருந்தது. இதைச் சொல்வதற்கு எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கிண்ணங்களை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து மெருகேற்றியிருந்தார். ஒவ்வொரு அகப்பையும் கையில் வாகாக உட்கார்ந்தது. குணம் கெட்டவர்களுக்குக் கைவேலையும் கெட்டுப்போயிருந்தால் நமக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும். கடவுள் அந்த அளவுக்கு ஒத்தாசை செய்வதில்லை.

வந்த அரை மணி நேரத்தில் அவருடைய மேசை நகர்ந்து என் மேசையைத் தொட்டது. பிறகு குருவிக்கூடு ஒன்று என் பக்கம் குடிவந்தது. எடுத்து அவர் பக்கம் வைத்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு குருவிக்கூடாகத் திரும்பி வந்திருந்தது.

"அண்ணே, இது என் எடம்" என்றேன்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி ஒக்காரும்மா. மூணு பேரு சீட்டுல நாலு பேரு ஒக்காந்து போறதில்லையா?"

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்தவர் என் கூடை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"தங்கச்சி, நெகிழி இல்லா மாவட்டம்னு வாசல்ல பேனர் கட்டியிருக்காக. ஒன்னய எப்படி உள்ள விட்டாக?"

எதிர்வரிசையில் ஊறுகாய் விற்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் போதும். அதற்குப் பிறகு யார் என் கூடையைத் தொட்டாலும், "அது பிளாஸ்டிக்கும்மா. இங்கிட்டு வாங்க, இயற்கை இங்கிட்டு இருக்கு" என்று கை காட்டினார். இயற்கை என்னவோ அவர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுப் பிடித்து உட்கார்ந்திருக்கிற மாதிரி.

"இது ஒரு தடவ வச்சுட்டுத் தூக்கிப் போடுறது இல்லைங்க. பத்து வருஷத்துக்கு மேல ஒழைக்கும்" என்று ஒரு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் குறுக்கே வந்தார்.

"அதுக்கப்புறம் மண்ணுல போட்டா மக்குமா? அதச் சொல்லு மொதல்ல."

மக்காது. அந்த அம்மா ஓர் அகப்பை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் திருமயம் போகிற பஸ்ஸில் ஏழெட்டுப் பதில் தோன்றின. எல்லாம் பிரமாதமான பதில்கள். பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்ததால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் நாள் காலையில் ஒரு டீச்சர் வந்தார். என் சின்னக் கூடை ஒன்று பிடித்துப்போய்ப் பர்ஸைக்கூடத் திறந்துவிட்டார். பக்கத்து மேசையிலிருந்து "பிளாஸ்டிக்கு" என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. டீச்சர் கூடையைச் சூடான பாத்திரம் மாதிரிக் கீழே வைத்துவிட்டு, அவரிடம் நாலு கிண்ணம் வாங்கினார். எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த நாலு கிண்ணத்தையும் அவர் ஊதா நிறத்தில் மெல்லிசான ஒரு கேரி பேக்கில் போட்டுக் கொடுத்தார். முதல் நாளிலிருந்தே அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். மேசைக்கடியில் ஒரு கட்டே வைத்திருந்தார். மண்டபம் பூராவும் இயற்கை ஊதா கவரில் தொங்கிக்கொண்டு போனது.

உடனே நான் வாயைத் திறக்கவில்லை. மிட்டாயைக் கடிக்காமல் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பதில் ஒரு சுகம் உண்டு.

மத்தியானம் சுகாதார ஆய்வாளர் ஒருவர் உதவியாளரோடு வந்தார். தடை செய்த பிளாஸ்டிக் பை யாராவது வைத்திருக்கிறார்களா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நம் கண்டக்டருடைய குரல் முதல் தடவையாகத் தணிந்தது. முகம் ஆய்வாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, கால் மட்டும் வேறு வேலை பார்த்தது. ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருஷம் நின்ற கால் இல்லையா, சாமர்த்தியம் அதிகம். கவர் கட்டு நழுவி என் மேசைத் துணிக்குள் வந்து சேர்ந்தது. என் பாதத்தில் அது இடித்ததை நான் உணர்ந்தேன்.

உதவியாளர் குனிந்து அதை வெளியே எடுத்தார்.

"யாரும்மா இது, ஒங்களோடதா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

நான் பேசுவதற்கு முன் பக்கத்து மேசை பேசியது. "அந்தம்மா யாவாரமே பிளாஸ்டிக்குத்தான் சார். நான் நேத்தே சொன்னேன்."

கோபத்தில் எனக்கு எப்போதும் அழுகைதான் முதலில் வரும். அன்றைக்கு எப்படியோ வார்த்தை முந்திக்கொண்டது.

"சார், கூடை வாங்குறவங்க கூடையவே கையில தூக்கிட்டுப் போவாங்க. கூடைக்கு எதுக்கு சார் கவரு? அந்தா அங்கிட்டு ஊதா கவரோட நிக்கிறாங்க பாருங்க, அவங்களக் கூப்பிட்டு உள்ள என்ன இருக்குன்னு கேளுங்க."

ஆய்வாளர் கூப்பிட்டார். கவருக்குள் அகப்பை இருந்தது. அடுத்தவர் கவருக்குள் விளக்கு இருந்தது. ஊறுகாய்ப் பெண்கள் மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் சேர்ந்துகொண்டேன். கட்டைப் பறிமுதல் செய்து, அபராதத்துக்கு ரசீதும் எழுதினார் ஆய்வாளர். வாழ்நாள் பூராவும் அடுத்தவர்களுக்குச் சீட்டுக் கிழித்தவருக்கு அன்றைக்கு ஒருவர் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் செய்ததற்கு நான்தான் காரணம் என்கிற தோரணையில்.

மூன்றாம் நாள்தான் எனக்கு நல்ல நாள். இரண்டு கிண்ணமும் ஓர் அகப்பையும் வாங்கியவர்கள் அவற்றைக் கையில் ஏந்திக்கொண்டு பிரசாதம் வாங்கியவர்கள் மாதிரி நின்றார்கள். ஒரு பெண் என் பக்கம் திரும்பிச் சின்னக் கூடை ஒன்றை வாங்கி அதற்குள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு போனாள். அதைப் பார்த்து இன்னொருத்தி வாங்கினாள். பதினொரு மணிக்குள் அவருக்கே வேறு வழியில்லாமல் போயிற்று.

"அந்தம்மாகிட்ட கூடை இருக்கு. வாங்கிப் போட்டுக்கங்க" என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிளாஸ்டிக் என்ற வார்த்தை அன்றைக்கு அவர் வாயில் ஏறவேயில்லை.

நடுவில் ஒரு தடவை என்னிடம் சாய்ந்து, "தங்கச்சி, ரெண்டு கூடை இரவல் குடு. சாயங்காலம் தாரேன்" என்றார்.

"வாங்கிட்டுப் போறவங்க சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்து தருவாங்களாண்ணே?" என்று கேட்டேன். அவர் குருவிக்கூட்டைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

கடையைக் கட்டுகிற நேரத்தில் மன்னிப்புக் கேட்பார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தவர், வீட்டுக்கு ஒரு கூடை வேண்டும் என்றார். என்னிடம் மூன்று மிச்சமிருந்தன. அதில் ஒன்றை, வயர் தீர்ந்துபோகும் நேரத்தில், தூக்கக் கலக்கத்தோடு பின்னியிருந்தேன். அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் கூடையைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்தில் கட்டைவிரலை ஓட்டினார். கைவேலைக்காரர் விரல், சரியான இடத்தில் நின்றது.

"இந்த முடிச்சு கோணிக்கிட்டு இருக்கே. வேற இல்லையா?"

"இல்லண்ணே, இது ஒண்ணுதான்" என்றேன். மற்ற இரண்டும் என் பின்னால் பையில் இருந்தன.

அவர் பார்வை அந்தப் பைக்குப் போய் வந்தது. பேரம் பேசாமல் முழு விலையையும் கொடுத்துவிட்டு, கோணல் கூடைக்குள் தன் உளிகளையும் அரத்தையும் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நல்ல கூடையாகவே கொடுத்திருக்கலாம் என்று பஸ் நமனசமுத்திரத்தைத் தாண்டியபோது தோன்றியது. திருமயம் வந்து இறங்கியபோது அப்படித் தோன்றவில்லை.