எங்கள் பள்ளிப் பாங்குக்குத் திறந்த நோன்பு

நோன்புக் கஞ்சிக்கு முன்னால் நான், என் வீட்டுக்காரி, மகள். போனில் வாப்பா, உம்மா. அவர்கள் இருவரும் சவூதியில் தம்பி வீட்டில் இருக்கிறார்கள்.

வீடியோவில் வாப்பா அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு மட்டும், "நம்ம பள்ளிப் பாங்கு கேட்டு நாளாச்சுப்பா" என்றார்.

கீழக்கரையில் எங்கள் வீட்டுக்கு எதிரேதான் பள்ளிவாசல். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் போனைச் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். முடிந்து திருப்பினால், உம்மா சாயங்காலத்துக்கு எடுத்து வைத்திருந்த பேரீச்சம்பழத்தை வாப்பா மென்றுகொண்டிருக்கிறார்.

உம்மா சத்தம் போட்டார். "என்ன காரியம் செஞ்சீக! இங்கன மஃரிபுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கிடக்கு!"

"மறந்து தின்னா நோன்பு முறியாது, கூடும்ல?"

"மறந்தா தின்னீக? பாங்கு கேட்டுல்ல தின்னீக!"

வாப்பா கொட்டையைக் கையில் துப்பினார். விவரம் தெரிந்த நாளாக ஒரு நோன்பு விட்டதில்லை அவர். முகம் சுருங்கிவிட்டது. "பாங்கு தெளிவாக் கேட்டுச்சுப்பா" என்றார்.

பெருநாள் கழிந்து அந்த நோன்பை ஈடு செய்தார். போனை நீட்டியவன் நான். அதனால் அதே நாளில் இங்கே நானும் ஒரு நோன்பு பிடித்தேன்.

ஆக ஒரு பேரீச்சம்பழத்துக்கு நோன்பு இரண்டு.