அக்கா வீட்டுக் காற்று

அக்கா வீட்டில் காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்று இருந்தது. காற்று நன்றாக இருந்தால் நீல விளக்கு எரியும், கெட்டால் சிவப்பு. புகைமூட்டம் ஈப்போவின் சுண்ணாம்பு மலைகளையே மறைத்துவிட்ட ஒரு மாதத்தில்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். என் லகாட் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன், நீலம் சிவப்பாகிவிட்டது. என் உடுப்பில் ஏறியிருந்த புகைதான். "அது அப்படித்தான், கண்டுக்காத" என்று அக்கா சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரே தோட்டத்து லயத்தில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவளுக்கு வங்கி உத்தியோகக்காரர் வாய்த்தார். ஏர்கோன் குளிரும் வீடு, இறுக்கிச் சாத்தும் ஜன்னல். எனக்கு லாரி ஓட்டுநர். அடுக்குமாடி வீட்டின் கண்ணாடிப் பட்டை ஜன்னல், எப்படிச் சாத்தினாலும் விரல் நுழையும் இடைவெளி. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மூச்சிளைப்பு நோய்க்காரனான என் மகனை, அப்போது ஒன்பது வயது, புகையால் பள்ளியை மூடியதும் அவளிடம் விட்டிருந்தேன். ஒரு வாரத்தில் இருமல் நின்றது. கூப்பிடப் போனால், "இங்கயே இருக்கேன்லா மா. இங்க மூச்சு விட முடியுது" என்கிறான். பத்து மாதம் சுமந்தவள் நான், காற்றைக் காட்டி வளைத்துப்போட்டவள் அவள்! "நம்ம வீடு என்ன சுடுகாடாடா?" என்று வயிற்றெரிச்சலோடு அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துண்டைத் திணித்தும் கரிந்த வாடை போகவில்லை. அக்கா வீட்டைவிட என் வீடு மணக்கட்டும் என்று, கதவை அடைத்துக்கொண்டு கைநிறையச் சாம்பிராணி போட்டேன். புத்தி கெட்டவள். கால் மணி நேரத்தில் பிள்ளைக்கு நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தது, உதடு கறுத்தது. கணவர் ஆயர் தாவார் பக்கம் லோடு ஏற்றப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் அக்காவைத்தான் அழைத்தேன். அவள் காரில்தான் கிளினிக்குக்குப் போனோம், பிள்ளை பிழைத்தான்.

மறுநாள் காலை அக்கா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாள். "நீயே வச்சுக்க. புள்ள படுக்குற ரூம்ல போடு." மூலையில் கிடந்த சாம்பிராணிக் கரண்டியைப் பார்த்தாள், படியிறங்கிப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும்.

இந்த ஆண்டும் புகைமூட்டம். சிம்பாங் பூலாயில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் மகன், முதல் சம்பளத்தில் புதுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். நான் பூரித்துப்போய் அட்டையைப் பிரிக்க உட்கார்ந்தேன்.

"பிரிக்காதம்மா, பெரியம்மாவுக்கு வாங்குனது. நமக்குத்தான் அவங்க கொடுத்தது இருக்கே."

சிரித்து வைத்தேன். மூலையில் பழைய பெட்டி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்ப்பதற்குள், அன்று அடுப்பே மூட்டாத நான், கடுகு தாளித்தேன் அதனால்தான் என்று சொல்லிவிட்டேன்.