என் பெரிய கேமராவும் சகலையோட சோப்பு டப்பாவும்

இன்னைக்குக் காலையில மச்சான் புதுப் படகைக் கடல்ல இறக்குனாரு. பத்து வருசமா நம்ம குடும்பத்துல எந்த விசேஷம்னாலும் என் டிஎஸ்எல்ஆர் கேமராதான். அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நான் நின்னா, காரைக்கால் கடலே அலையை நிறுத்தி போஸ் குடுக்கும்.

துபாய்லேருந்து வந்த சகலை, சட்டைப் பையிலேருந்து சின்னதா ஒரு புதுக் கேமராவை எடுத்தாரு.

"என்ன சகலை, சோப்பு டப்பாவா?"ன்னேன்.

படகை ஒரு படம் எடுத்துட்டு, "எடுத்ததைப் பாருங்கண்ணே"ன்னாரு.

பாத்தேன். படகுல கட்டுன மாலையில ஒவ்வொரு பூவும் தனித்தனியாத் தெரியுது. வயிறு எரிஞ்சுது. "வெளிச்சம் கொஞ்சம் கம்மி"ன்னு சொல்லி வச்சேன்.

மச்சான், "நீங்க ரெண்டு பேரும் எடுக்குற குடும்பப் படத்துல எது நல்லாருக்கோ அதைப் படகுல மாட்டுறேன்"னுட்டாரு.

பக்கத்துல பக்கத்துல நின்னு ஒரே நேரத்துல எடுத்தோம். ரெண்டையும் கீழே போட்டிருக்கேன். என்னுதுக்கே ஓட்டுப் போடுங்க சொந்தங்களே. அதுல என் பொண்டாட்டி உட்பட எல்லாரும் ஏன் சகலை பக்கம் பாத்துச் சிரிக்கிறாங்கன்னு மட்டும் கேக்காதீங்க.