நாய் முடிக் குடிலில் குழந்தையைக் காணோம்

விஸ்கான்சின் மாநிலமே பார்த்துக்கொண்டிருந்த நேரடி ஒளிபரப்பில் என்னைத் திருடி என்று சொன்னவள் பெர்னிஸ் குலாஸ். முப்பது வருஷமாக என் பக்கத்து வீட்டுக்காரி. ஆகவே அவளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் மார்ல் லேக் ஊரில் கிடையாது.

பெர்னிஸ் பிறந்ததே இரண்டாவதாகத்தான். இரட்டைப் பிள்ளைகளில் லூசில் முந்திக்கொண்டாள், இவள் ஏழு நிமிஷம் பிந்திவிட்டாள். ஸ்டான் குலாஸ் முதலில் பெண் கேட்டதும் லூசிலைத்தான். அவள் முடியாது என்றதும் அதே பூங்கொத்தை எடுத்துக்கொண்டு இவளிடம் வந்தார். இந்தக் கதையை பெர்னிஸ் விருந்துக்கு விருந்து சொல்லிச் சிரிப்பாள். ஸ்டான் உடனே எழுந்து பனி தள்ளப் போகிறேன் என்று வெளியே போய்விடுவார். ஜூலை மாதத்திலும் போவார்.

பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தாள். ஒரு பையன் தட்டில் பட்டாணியை மிச்சம் வைத்தால் அவன் அம்மாவுக்கு போன் போடுவாள். அந்த அம்மாவும் அந்தக் காலத்தில் பட்டாணியை மிச்சம் வைத்தவள்தான் என்பதைப் போனிலேயே ஞாபகப்படுத்துவாள். ஊரில் பாதிப் பேர் அவளைக் கண்டால் இன்றும் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். மீதிப் பேர் பட்டாணியை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள்.

அவள் வீட்டு அடுக்களைச் சுவரில் பதினான்கு சிவப்பு ரிப்பன்கள் தொங்கின. மாவட்டக் கண்காட்சியில் சிவப்பு என்றால் இரண்டாம் பரிசு. ஆப்பிள் பை, ஊறுகாய், பின்னல், எதில் கலந்துகொண்டாலும் சிவப்புதான். அந்தப் பதினான்கில் ஒன்பது தடவை முதல் பரிசான நீல ரிப்பனை வாங்கியவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, கணக்கு அப்படி.

இந்த நிலைமையில்தான் 'கைவண்ணக் கிறிஸ்துமஸ்' என்ற தொலைக்காட்சிப் போட்டி எங்கள் ஊருக்கு வந்தது. இறுதிச் சுற்றுக்கு மூன்று பேர். சோடா மூடிகளால் மாதாகோயில் கட்டிய ஒரு மனிதர், நான், பெர்னிஸ். என் கணவர் ஹெரால்டின் இருநூற்றுப் பன்னிரண்டு கழுத்து டைகளை வைத்து நான் ஒரு கிறிஸ்துமஸ் மரம் செய்திருந்தேன். ஹெரால்ட் உயிரோடுதான் இருக்கிறார். டைகள் எங்கே போயின என்று அவர் தொலைக்காட்சியைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

பெர்னிஸ் செய்தது ஒரு குடில். மரியாள், சூசையப்பர், இடையர்கள், மூன்று ராஜாக்கள், ஒட்டகம், கழுதை, ஆடுகள், தொட்டிலில் பாலன் இயேசு என்று பன்னிரண்டு உருவங்கள். எல்லாம் அவளுடைய நாய் மிட்ஸியின் வெள்ளை முடி. வருஷம் முழுக்க நாயைச் சீவி, சேர்ந்த முடியை உருட்டி, நீள ஊசியால் குத்திக் குத்தி இறுக்கிச் செய்திருந்தாள். கட்டைவிரல் அளவு குழந்தைக்குக் கண் இமைகூட இருந்தது. சூசையப்பருக்கு மட்டும் மழை நாளில் லேசாக நாய் வாடை அடிக்கும். வஞ்சகமில்லாமல் சொல்கிறேன், பார்த்ததும் என் மரத்தையே மறந்துவிட்டேன்.

"ஒரே ஒரு நீல ரிப்பன்டி, அர்லீன்," என்றாள் போட்டிக்கு முந்தைய நாள் என் வீட்டில் காபி குடிக்கும்போது. "சிவப்போட செத்தா மேல போயும் என்னை ரெண்டாவது வரிசையிலதான் உட்கார வெப்பாங்க."

"என் மரத்தை என்ன பண்றது, எரிச்சிடட்டுமா?"

"எரிச்சா ஹெரால்ட் சந்தோஷப்படுவாரு."

டிசம்பர் பத்தொன்பது காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் கூடத்தில் அவரவர் மேசையில் அடுக்கினோம். சாயங்காலம் நாலு மணிக்கு நேரடி ஒளிபரப்பு தொடங்கியது. தொகுப்பாளன் ட்ரெவர், மில்வாக்கிப் பையன். புயலே அடித்தாலும் அவன் தலைமுடி அசையாது. நடுவர் மிஸஸ் பிராண்ட், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிய அம்மாள். அவருடைய விதி ஒன்றுதான். விண்ணப்பத்தில் எழுதிய அத்தனையும் தீர்ப்பு நேரத்தில் மேசைமேல் இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் முதல் பரிசு கிடையாது.

நாலு பத்துக்கு அந்த அம்மாள் பெர்னிஸின் குடிலுக்கு முன்னால் குனிந்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"பதினொண்ணுதான் இருக்கு. குழந்தை எங்க?"

தொட்டில் காலி. பெர்னிஸின் முகம் வெளுத்தது, சிவந்தது, பிறகு என் பக்கம் திரும்பியது.

"அர்லீன் ஹேகன். எடுத்ததைக் குடுத்துடு."

"ஏண்டி, புத்தி கெட்டுப் போச்சா? உன் நாய் முடி எனக்கு எதுக்கு?"

"மத்தியானம் இந்த மேசைகிட்ட நின்னுட்டிருந்தவ நீதான். கண்ணால பார்த்தேன்."

"அழகா இருக்கேன்னு பார்த்தேண்டி, பாவி."

ட்ரெவருக்கு வாயெல்லாம் பல். இப்படி ஒரு நிகழ்ச்சி அவனுக்கு வாழ்நாளில் அமைந்திருக்காது. "மேடம், சந்தேகம் தீரட்டுமே, பையைக் காட்டிடுங்களேன்," என்றான். காட்டினேன். கோபத்தில் தலைகீழாகவே கொட்டினேன். இருமல் மிட்டாய், தள்ளுபடிச் சீட்டுகள், பாதி தின்ற வான்கோழி சாண்ட்விச், ஒற்றைக் காலுறை, ஹெரால்டின் கடைசி டை. மாநிலமே பார்த்தது. குழந்தை இல்லை.

அடுத்த சந்தேகம் ஸ்டான் கூட்டி வந்திருந்த மிட்ஸிமேல் விழுந்தது. தன் முடிதானே என்று அதுவே விழுங்கியிருக்கலாம் என்றார் சோடா மூடிக்காரர். ட்ரெவர் மண்டியிட்டு அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தான். மிட்ஸி அவன் முகத்துப் பவுடரை ஒரு கன்னம் முழுக்க நக்கி எடுத்தது. பிறகு ஸ்டான் அதை வெளியே பனிக்கு நடத்திக்கொண்டு போனார். வரவேண்டியது வருகிறதா என்று பார்க்க ஒரு கேமராக்காரரும் பின்னாலேயே போனார். அதையும் நேரடியாகக் காட்டினார்கள்.

எழுந்து நின்ற ட்ரெவர் பாதி முகப் பவுடரோடு கேமராவைப் பார்த்துச் சிரித்தான். "இன்னைக்கு டிசம்பர் பத்தொன்பது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஆறே நாள். குழந்தை கிடைக்குமா? விளம்பரத்துக்குப் பிறகு பார்ப்போம்."

பத்தொன்பது என்றதும் எனக்குப் பளிச்சென்றது.

நாங்கள் லூத்தரன் சபைக்காரர்கள், பெர்னிஸ் வீட்டார் கத்தோலிக்கர்கள். எங்கள் வீட்டுக் குடிலில் நவம்பர் கடைசியிலேயே குழந்தை படுத்துவிடும். பெர்னிஸ் வருஷா வருஷம் வந்து பார்த்து, "உங்க வீட்ல எப்பவும் குறைமாசப் பிள்ளைதாண்டி," என்று உச்சுக்கொட்டுவாள். அவர்கள் வீட்டில் இருபத்திநாலாம் தேதி பூசை முடிந்துதான் பாலனைத் தொட்டிலில் வைப்பார்கள். அதுவரை அது அவளுடைய காபி டின்னுக்குள் இருக்கும். இங்கேயும் அவள் மேசைக்கடியில், ஊசியும் மிச்ச முடியும் போட்ட காபி டின் ஒன்று இருந்தது.

நான் வாயைத் திறக்காமல் ஒரு நிமிஷம் நின்றேன். பொய் சொல்லக் கூடாது, ஒன்றரை நிமிஷம். சும்மா இருந்தால் நீல ரிப்பன் எனக்கு. திருடி என்றவளுக்கு நான் எதற்கு உதவ வேண்டும்? ஆனால் பெர்னிஸ் மேசைக்கடியில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தாள். அறுபத்தாறு வயதில், முழங்கால் வலியோடு, ஒரு சத்தமும் இல்லாமல் அழுதுகொண்டு.

"எழுந்திருடி," என்றேன். "உன் காபி டின்னைத் திற."

திறந்தாள். வெள்ளை முடிக்குள் பாலன் சுகமாகப் படுத்திருந்தார்.

பெர்னிஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான் எடுத்திருக்கேன். காலையில அடுக்கும்போதே எடுத்து வெச்சிருக்கேன். மனசுக்குத் தெரியல, கைக்குத் தெரிஞ்சிருக்கு." பிறகு கூடம் அதிரக் கத்தினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. அர்லீன் எடுக்கல. நாந்தான் கிறுக்கி. மன்னிச்சுக்கடி."

கூடத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மாநிலம் அந்த நேரத்தில் கார் டயர் விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒளிபரப்பு திரும்பியபோது மக்கள் கண்டது இவ்வளவுதான்: பெர்னிஸின் உள்ளங்கையில் குழந்தை, பக்கத்தில் முகம் சிவந்த நான். களவாணி பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று அத்தனை பேரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

மிஸஸ் பிராண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னார். "தொட்டில்ல வெச்சிடுங்க. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லத் தேவையில்லைன்னு நினைக்கிறேன்."

அதாவது முதல் பரிசு. எல்லோருக்கும் புரிந்தது. பெர்னிஸுக்கும் புரிந்தது. கையைத் தொட்டில் வரைக்கும் கொண்டுபோனாள். அங்கேயே நின்றது கை.

"இன்னைக்குப் பத்தொம்போதுதானே," என்றாள்.

"ஒரே ஒரு நிமிஷம் மேடம்," என்றான் ட்ரெவர். "டிவிக்காக. அப்புறம் எடுத்துடுங்க."

"பொறக்காத பிள்ளையைத் தொட்டில்ல எப்படிப்பா போடறது? உங்க அம்மா உன்னைப் போட்டாங்களா?"

"வைடி," என்றேன் நான், பல்லைக் கடித்துக்கொண்டு. "சாமி கண்டுக்க மாட்டாரு."

"சாமி கண்டுக்க மாட்டாருடி. நான் கண்டுப்பேனே."

குழந்தையைத் திரும்ப டின்னுக்குள் வைத்து மூடினாள். மூடி சரியாக உட்கார மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது. நீல ரிப்பன் என் டை மரத்துக்குக் கிடைத்தது, சிவப்பு அவளுக்கு. எனக்கு யாரும் மனதாரக் கை தட்டவில்லை. மறுநாள் மளிகைக் கடையில் காசு வாங்கும் பெண் என் பையைத் திறந்து காட்டச் சொன்னாள். அவளும் சின்ன வயதில் பட்டாணி மிச்சம் வைத்தவள்தான்.

இருபத்திநாலாம் தேதி நாலு மணிப் பூசை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். நீல ரிப்பனைக் கோட்டுப் பையில் வைத்திருந்தேன், கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று. லூசில், பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று இருபத்து மூன்று பேர் குடிலைச் சுற்றி நின்றார்கள். பெர்னிஸ் டின்னைத் திறந்து குழந்தையை எடுத்து, நேராக என்னிடம் வந்து என் கையில் வைத்தாள்.

"நீ வை."

ஸ்டானின் வாய் திறந்தபடி நின்றது. கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷத்தில் அந்த மனிதரை ஒரு தடவைகூட வைக்க விட்டதில்லையாம்.

வைத்தேன். ஒரு லூத்தரன் கைக்கு அந்தக் குழந்தை இவ்வளவு கனக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பாட்டு முடிந்ததும் அவளை அடுக்களைக்கு இழுத்துப் போய் ரிப்பனை நீட்டினேன்.

"உள்ள போடுடி அதை," என்றாள். "இத்தனை வருஷமா முட்டி மோதி ரெண்டாவதா வந்தேன். வேணும்னே ரெண்டாவதா வந்தது இதுதான் முதல் தடவை." பதினைந்தாவது சிவப்பு ரிப்பனைச் சுவரில் நேராக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "நல்லாத்தாண்டி இருக்கு."

நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம், கொஞ்ச நேரம் சிரித்தோம். அப்புறம் உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை ஆறுகிறது என்று லூசில் கூப்பிட்டாள், போய்ச் சாப்பிட்டோம்.