ஆளுக்கொரு வளையம்

அன்று அந்த மேட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். நான் ஒருத்தி. ராயப்பன்பட்டியிலிருந்து வரும் வேதக்கார அக்கா ஒருத்தி. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சுருளிப்பட்டிப் பெண் ஒருத்தி. அவள் வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் நான்கு. சேர்க்கத்தான் வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அது அங்கே இருப்பது அவளுக்கு அடுத்தபடியாக அன்று எனக்கு மட்டுமே தெரியும்.

எனக்கு எண்ணுகிற பழக்கம் உண்டு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கணக்கில் கெட்டிக்காரியும் அல்ல. பயத்தில் எண்ணுவேன். கேஸை மூடினேனா என்று மூன்று தரம் பார்ப்பேன். பூட்டை நான்கு தரம் இழுத்துப் பார்ப்பேன். ஜீப்பில் ஏறுமுன் ஒவ்வொரு டயரிலும் ஐந்து நட்டு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். டிரைவர் தம்பி விடமாட்டான்.

"என்னக்கா, நட்டுக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா? எவனும் லீவு இல்லையே?"

சிரித்துவிட்டு ஏறுவேன். ஏறி உட்கார்ந்த பிறகு, பின்சக்கரத்தில் நாலுதானே எண்ணினோம் என்று தோன்றும். மலை ஏறி முடிக்கிறவரை அந்த ஐந்தாவது நட்டு என் தொண்டையில் இருக்கும்.

கம்பத்திலிருந்து இருட்டு பிரியுமுன் கிளம்பி, கம்பமெட்டு வழியாகக் கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்க் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிற ஜீப்புகளில் எங்களுடையதும் ஒன்று. ஆள் சேர்த்து அழைத்துப்போய், சனிக்கிழமை கூலி கொடுப்பவர் கங்காணி அக்கா. முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஜீப்பில் நாங்கள் பதினாறு பேர். அத்தனை பேரை ஏற்றக் கூடாது. அதனால் சோதனைச் சாவடிக்கு முந்தின வளைவில் ஜீப் நிற்கும். மூன்று பேர் இறங்கிப் பக்கத்து மேட்டில் ஏறி, ஒற்றையடிப் பாதையில் சாவடியைச் சுற்றி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஜீப் அங்கே காத்திருக்கும். மூன்று பேர் குறைந்தால் கூட்டம் கண்ணை உறுத்தாதாம்.

இறங்குகிற மூவர் யார் என்பது வாயைப் பொறுத்தது. வாயில்லாதவர்கள் இறங்குவார்கள். நானும் வேதக்கார அக்காவும் நிரந்தரம். மூன்றாவதாக இறங்கிக்கொண்டிருந்தவள் வேறு ஜீப்புக்கு மாறிப் போனதும், அந்தத் திங்கட்கிழமை கங்காணி பின்பக்கம் திரும்பி, "இன்னொருத்தி யாரு?" என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. எனக்கு அமைதி ஆகாது. அமைதி நீண்டால் ஏதோ என் தப்பு என்று பயம் வந்துவிடும். என் கண் சும்மா இராமல் அந்தப் புதுப்பெண்ணின் பக்கம் போனது. என் கண் போன வழியில் கங்காணியின் கண்ணும் போனது. அவ்வளவுதான். அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

முந்தின வாரம் செடிக்கடியில் குத்த வைத்துக் காய் எடுக்கும்போது அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். "மூணு முடிஞ்சு நாலு நடக்குதுக்கா. மொத ரெண்டும் தங்கல. கங்காணிக்குத் தெரிஞ்சா ஏத்த மாட்டாக. யார்ட்டயும் சொல்லிறாதீக." சொல்லவில்லை. அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். கண்ணால்தான் காட்டிக்கொடுத்தேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவளுக்குப் பின்னாலேயே நடந்தேன். அவள் கால் வைக்கிற ஒவ்வொரு கல்லையும் எண்ணினேன். அதனால் அவளுக்கு என்ன லாபம்?

புதன்கிழமை மஞ்சு இறங்கியிருந்தது. பனிப்புகையை எங்கள் ஜீப்பில் எல்லோரும் மலையாளத்துக்காரர்கள் போல மஞ்சு என்றுதான் சொல்வோம். இறங்கின நாலாவது எட்டில் ஜீப் மறைந்தது. பிறகு அதன் சத்தமும் மறைந்தது. முன்னால் போன அக்காவின் தலைத்துண்டு மட்டும் தெரிந்தது, தலையில்லாமல் மிதக்கிற மாதிரி. பிறகு அதுவும் இல்லை.

"ஏக்கா, இருக்கீகளா?" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன், வா." குரல் முன்னாலிருந்து வராமல் காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

மேட்டின் உச்சியில் பாறை ஈரமாக இருந்தது. எனக்கு முன்னால் அந்தப் பெண் வழுக்கி உட்கார்ந்தாள். பெரிய விழுகை இல்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் அடிவயிற்றில் வைத்துக்கொண்டு, எதையோ ஒட்டுக்கேட்கிறவள் போல அசையாமல் இருந்தாள்.

"வலிக்குதா?"

"தெரியலக்கா. செத்த இருங்க."

மூவரும் அப்படியே அசையாமல் இருந்தோம். இலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்கூட நின்றுபோன மாதிரி இருந்தது. பாதைக்கு இடப்புறம் பள்ளம் என்பது எனக்குத் தெரியும். அன்று அங்கே பள்ளம் இல்லை. வெள்ளைச் சுவர் ஒன்றுதான் இருந்தது, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில்.

அப்போது எங்கள் முதுகில் வெயில் விழுந்தது. கீழே பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் சூரியன் மேலே வந்திருக்க வேண்டும். கழுத்தில் சூடு பட்டதும் நிமிர்ந்து பார்த்தேன்.

வெள்ளைக்குள் ஆட்கள் நின்றார்கள்.

மூன்று பேர். கறுப்பாக, பனைமரம் உயரத்துக்கு, காலே முடியாமல் கீழே பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முகம் இல்லை. மூவரும் எங்களைப் பார்த்து நிற்கிறார்கள் என்பது மட்டும் எப்படியோ தெரிந்தது.

"ஆத்தாடி, யாரு அங்கன?" என்றேன். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

அக்கா, "சேசுவே" என்று நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். வெள்ளைக்குள் நின்றதில் ஒன்று அதே நேரத்தில் கையைத் தூக்கியது. சிலுவை போட்டது.

வாழ்நாள் முழுக்க நான் பயந்துகொண்டிருந்தது வந்தேவிட்டது, இனி எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை என்று தோன்றியது. வேடிக்கை என்னவென்றால், அப்படித் தோன்றியதும் உள்ளே ஏதோ அடங்கிப்போனது. காற்று நின்ற குளம் மாதிரி.

உட்கார்ந்திருந்த பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள். கையை மெதுவாக ஆட்டிப் பார்த்தாள். "நெழலுக்கா. நம்ம நெழலுதான்." பிறகு குரல் மாறியது. "ஆனா என் தலையச் சுத்தி மட்டும் என்னக்கா இது?"

எனக்கு முன்னால் நின்ற உருவத்தின் தலையைச் சுற்றியும் ஒரு வளையம் இருந்தது. வானவில்லைச் சுருட்டி வைத்தது போல, உள்ளே வெளுப்பு, ஓரத்தில் சிவப்பு. மற்ற இரண்டு உருவங்களுக்கும் ஒன்றும் இல்லை. வெறும் கறுப்பு.

"ஒன் தலையிலயா?" என்றார் அக்கா. "ஒனக்கு ஒண்ணுமில்லையேத்தா. எந் தலையிலல்லவா இருக்கு. கோயில்ல மாதா சுரூபத்துக்கு இருக்காப்புல."

"இல்லக்கா, எனக்குத்தான். ஒங்களுக்கு இல்ல."

"நான் என்ன பொய்யா சொல்றேன், காலங்காத்தால?"

நான் அந்தப் பெண்ணின் பின்னால் போய் நின்றேன். வளையம் என்னோடு நகர்ந்து வந்தது. அக்காவின் பக்கம் போனேன். அங்கேயும் வந்தது. நான் எங்கே போனாலும் என் தலையில்தான் இருந்தது. அவர்கள் இருவரும் தங்கள் தங்கள் தலையைப் பார்த்துக்கொண்டு இருந்த நிலையைப் பார்த்தபோது, ஒருத்தரும் பொய் சொல்லவில்லை என்று புரிந்தது. அந்த இடத்தில் பொய் சொல்ல எவருக்கும் துணிவு வராது.

கீழே டிரைவர் ஹாரன் அடித்தான். வெள்ளை அசைந்தது. அந்த மூவரும் எங்களைவிட்டுப் பின்வாங்கி உள்ளே போவது போலப் போனார்கள். நான் அசையாமல் நிற்கும்போதே என்னுடையது போனது. அதை இன்றைக்கு நினைத்தாலும் கை மயிர் நிற்கிறது.

வலி ஒன்றும் இல்லை என்று அந்தப் பெண் எழுந்து நடந்தாள். ஜீப்பில் யாரிடமும் சொல்லவில்லை. பிற்பாடு என் மகள் போனில் தேடிக் காட்டினாள். முதுகில் சூரியனும் எதிரில் மேகமும் இருந்தால் அப்படித் தெரியுமாம், அவரவர் கண்ணுக்கு அவரவர் தலையில்தான் வளையமாம். சரி. காரணம் தெரிந்துவிட்டது. அது பின்வாங்கிப் போனபோது எனக்குள்ளிருந்தும் ஏதோ பிடுங்கிக்கொண்டு போனதே, அதற்குப் போனில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

அன்று பகல் முழுவதும் காய் எடுத்துக்கொண்டே அதையே நினைத்தேன். என்னை நானே எத்தனை வருடமாக வெறும் கறுப்பாகப் பார்த்து வந்திருக்கிறேன்! எனக்கும் ஒரு வளையம் இருக்கிறது. அது ஒன்று. அதைவிடப் பயமாக இருந்தது அடுத்தது. என் கண்ணால் நான் இறக்கிவிட்ட பெண்ணுக்கும் ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்பதால் இல்லாமல் போய்விடாது.

வியாழக்கிழமை அதே வளைவில் ஜீப் நின்றது. நானும் அக்காவும் இறங்கினோம். அந்தப் பெண் எழுந்தாள். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன நிக்கிற?" என்றார் கங்காணி. "பின்னால வண்டி வருது. வெரசா எறங்கச் சொல்லு."

"நாங்க ரெண்டு பேரு எறங்கிட்டோம்க்கா. இவ எறங்க மாட்டா."

"ஏன், மகாராணிக்குப் பல்லக்கு வரணுமோ?"

உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள். என் குரல் எனக்குப் பின்னால் வேறு யாரோ நின்று பேசுவது போலக் கேட்டது. திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை.

"காரணம் கேக்காதீகக்கா. எறங்க மாட்டா. மத்தவுகளும் மொறை வச்சு எறங்கட்டும். பதினாறு பேரு இருக்கோம். ஆளுக்கு வாரத்துல ஒரு தடவதான் வரும்."

"ஏ, நட்டு எண்ணுறவ இப்ப ஆள் எண்ண ஆரம்பிச்சிட்டா பாரு!" கங்காணி சிரிக்கவில்லை. "ஒனக்கு எம்புட்டு வாயி! எறங்க மாட்டாள்னா அவளும் வேணாம், நீயும் வேணாம். ரெண்டு பேரும் அப்படியே கீழ பஸ்ஸப் புடிச்சுப் போங்க."

காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒருவேளை கங்காணி மனம் இறங்கியிருப்பார். வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பெண் என் முந்தானையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள். சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்து இறக்கினேன், தார் ரோட்டில்.

ஜீப் போய்விட்டது. வேதக்கார அக்கா தனியாக மேட்டில் ஏறினார். பாதியில் நின்று திரும்பி, தன் தலைக்கு மேலே விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டிவிட்டு மஞ்சுக்குள் போனார். பஸ் வருகிறவரை ரோட்டோரத்துக் கற்களை எண்ணிக்கொண்டே இருந்தேன். வேலை போயிற்று, கூலி போயிற்று, மகள் படிப்பு என்னாகும், கேஸை மூடினேனா. எல்லாம் வரிசையாக வந்தது. பயம் எங்கும் போய்விடவில்லை. அதற்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு இடம் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

மறுவாரமே சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் இருவருக்கும் வேலை கிடைத்தது. கூலி குறைவு, தரை சமம்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் கூலியைக் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்காணி வீட்டுக்குப் போனேன். நாளுக்கு நானூற்றைம்பது, ஆளுக்கு ஆயிரத்து முந்நூற்றைம்பது. சத்தம் போடுவது என்றுதான் தயாராகப் போனேன். அவர் வாசல் படியில் உட்கார்ந்து, வெந்நீரும் உப்பும் போட்ட வாளியில் காலை வைத்திருந்தார். இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. எதிர்ச்சுவரில் வெயில் அடித்தது. அவர் நிழல் அதில் சின்னதாக, வெறும் கறுப்பாக விழுந்திருந்தது. அதன் தலையைச் சுற்றி நான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் கண்ணுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அப்படியே சற்று நேரம் நின்றுவிட்டேன்.

"என்னத்தப் பாக்குற, பேயப் பாத்தவ மாதிரி? ஒக்காரு" என்றார்.

"கால் என்னக்கா இப்படி?"

"பத்து வருசம் அந்த மேட்டுல நடந்த காலு. ஒன்னைய மாதிரி வாயிருந்தா இப்படி வீங்கிருக்குமா?" வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ முழுகாம இருக்கானு மொதல்லயே சொல்லிருக்கலாம்ல. ஊரெல்லாம் சொன்ன பொறவு எனக்குத் தெரியிது."

"அவ சொல்லக் கூடாதுன்னா, நான் எப்படிக்கா சொல்ல? சொன்னா நீங்க ஏத்துவீகளா?"

அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணினார். தோட்டத்துக்காரர் இன்னும் பாக்கி வைத்திருப்பதாகவும், டீசலுக்குத் தன் கையிலிருந்து போட்டதாகவும் சொன்னார். நம்பினேன். ஒருத்தியின் கூலி அளவுக்குத்தான் இருந்தது.

"இந்தா, ஒன்னோடத எடுத்துக்க. அவளுக்குப் பொறவு பாப்போம்."

"இத அவளுக்குக் குடுக்குறேன். எனக்குத்தான் பொறவு." சொல்லிவிட்டு, பழைய நானாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். "ஆனா வேணாம்னு சொல்லலக்கா. மாசாமாசம் வந்து கேப்பேன்."

"வருவ, வருவ. நட்டையே விடாதவ, என்னைய விடவா போற!" இப்போது சிரித்தார்.

ஜீப்பில் இப்போது முறை வைத்துத்தான் இறங்குகிறார்களாம், வேதக்கார அக்கா சொன்னார். ஒரு நாள் கங்காணியே இறங்கி நடந்தாராம், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு. சுருளிப்பட்டிப் பெண்ணுக்குப் பெண் குழந்தை. பல் முளைக்கிறது, எதையும் கடிக்கிறது.

நான் இன்னும் பூட்டை நான்கு தரம் இழுத்துப் பார்க்கிறேன். அதிகாலையில் திராட்சைப் பந்தலுக்குள் நுழையும்போது, நடையை நிறுத்திப் பின்னால் பார்க்கிறேன். தரையில் என் நிழல் என் அளவுக்குத்தான் கிடக்கிறது. மேலே மெட்டுப் பக்கம் வெள்ளை கட்டியிருந்தால், அந்த உயரமான நிழல் இன்னும் அங்கே நின்றுகொண்டிருக்குமோ என்று தோன்றும். கங்காணி வீட்டு வாசலில் நிற்கிற ஒவ்வொரு மாதமும், என் முதுகுக்குப் பின்னால் அது கொஞ்சம் அசைகிற மாதிரி இருக்கும். அவர் கால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்பேன். வீட்டிலிருந்து கொண்டுபோன வேப்பெண்ணெயைக் கொடுப்பேன். பிறகு பணத்தைக் கேட்பேன். ஒரு தரம் இருநூறு கொடுத்தார்.

மிச்சம் ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்.