நடக்கும்போது பேசக் கூடாது

எங்கள் வீட்டில் சண்டை நின்றுபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் நுரையீரலில் தழும்பு விழுந்து, அங்கே போகும் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் வீட்டுக்காரர் மகானாகிவிட்டார். மேற்குத் தாம்பரத்தில் தையல் கடை வைத்து, மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே குடித்தனம் நடத்தியவர்கள் நாங்கள். அந்த மனுஷன் இப்போது எதற்கெடுத்தாலும் "சரிம்மா". ஒரு நாள் குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன். "நல்லா கீதும்மா" என்று சாப்பிட்டார். சாகப்போகிறவளிடம்தானே இப்படிப் பேசுவார்கள்!

அப்போதுதான் மூச்சோடு இழுத்துக்கொள்ளும் புது மருந்து ஒன்றின் சோதனையில் என்னைச் சேர்த்தார்கள். சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்குச் சும்மா தண்ணீர் மாதிரி ஒன்று. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். நிஜ மருந்தை இழுத்தால் இருமல் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் இருமல் வந்தால் "நிஜம்தான்!" என்று குதிப்பேன். மறுநாள் வராவிட்டால் "ஏமாத்திட்டாங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். இரண்டுக்கும் அவர் "சரிம்மா".

சில வாரம் கழித்து நடைச் சோதனை. ஆஸ்பத்திரி வராண்டாவில் இரண்டு ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து, ஆறு நிமிஷம் அங்கும் இங்குமாக நடக்கச் சொன்னார்கள். நடக்கிறவர் பேசக் கூடாது. கூட வந்தவர் வாயே திறக்கக் கூடாது. சோதிக்கிற பெண் மட்டும், எழுதிக் கொடுத்த வாக்கியத்தை ஒரே குரலில் சொல்வாள்: "நல்லா நடக்கிறீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு." அதற்கு மேல் உற்சாகப்படுத்தினால் கணக்குக் கெட்டுவிடுமாம்.

பாதியில் என் கால் தயங்கியது. பெஞ்சில் இருந்த மனுஷன் எழுந்துவிட்டார்.

"ஏய்! இன்னா, சாமி ஊர்வலமா போற? வண்டி கெளம்பிடப் போவுது, எட்டி வையி!"

தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் பீச் டிரெயினைப் பிடிக்க என்னை விரட்டிய அதே குரல். எனக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ!

"யோவ், நீ வந்து நடந்து பாருய்யா! தொப்பையத் தூக்கிகினு ஒரு ரவுண்டு வா, பாக்கலாம்! ஒரு வருஷமா ஊமையாட்டம் குந்திகினு இருந்துட்டு, இப்ப வந்துட்டாரு!"

கூம்பைச் சுற்றித் திரும்பினேன். திட்டுவதை நிறுத்தவில்லை. அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, ப்ளீஸ்! இது செல்லாதும்மா. இன்னொரு நாள் வந்து முதல்லேர்ந்து நடக்கணும்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தேன். நடந்துகொண்டே திட்டியிருக்கிறேன்! மருந்தோ, தண்ணீரோ, ரோஷமோ, யார் கண்டது?

செம்பாக்கத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில், "எல்லாத்தையும் கெடுத்துட்டியே" என்று நான் ஆரம்பிக்க, "வாயத் தொறந்தது நீதான்டி" என்று அவர் எகிற, ஏரிக்கரை வரைக்கும் இருவரும் விடவில்லை. "அண்ணா, அக்கா, வூட்டாண்ட போயி வச்சிக்கங்களேன், ஒரே பேஜாரா கீது" என்றார் ஆட்டோக்காரர்.

இறங்கியதும், அவர் தன் தோளில் இருந்த என் கைப்பையைக் கழற்றி என் கையில் திணித்தார். "தூக்கிகினு வா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார்.

ஒரு வருஷமாக ஒரு கைக்குட்டையைக்கூட என்னைத் தூக்கவிடாத மனுஷன்! பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சந்தோஷம் தாங்காமல், "நில்லுய்யா!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.