மூன்று வீட்டுக் கணக்கு

சுகுமாறன் குனிந்துகொண்டிருக்கிறார். தோட்டத்துப் பூப்பந்துக் களத்தின் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட கட்டங்கள். கட்டங்களில் உதிர்ந்த செம்பனைப் பழங்கள். ஒன்றை எடுக்கிறார், இன்னொன்றை வைக்கிறார், தள்ளி நின்று பார்க்கிறார்.

எதிராளி இல்லாத ஆட்டம் இது. கணக்குப் படித்தவர்கள் உண்டாக்கியதாம். கைப்பேசியில் பார்த்துக் கற்றுக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கெல்லாம் விளக்குவார்: "பழம்தான் உசுரு. சுத்தி எட்டுக் கட்டத்துல ரெண்டோ மூணோ இருந்தா பொழைக்கும். கொறைஞ்சா தனிமையில சாவும், கூடுனா நெருக்கடியில சாவும். காலிக் கட்டத்த சுத்தி சரியா மூணு இருந்தா, அங்க புதுசா ஒண்ணு பொறக்கும். அவ்ளோதான்லா."

பக்கத்து ஊர் லுக்குட்டில் மீன் வாங்கப் போனாலும் இதே பேச்சு. கடையில் கூட்டம் சேர்ந்தால், "நெருக்கடி. பாதிப் பேரு காலி" என்பார். "அண்ணே, மொதல்ல நீங்க மீன எடுத்துக்கிட்டுக் காலி பண்ணுங்க" என்பார் கடைக்கார ஹபீப்.

மனைவி ரதி செத்த பிறகு பிடித்த கிறுக்கு. உயிர் எங்கே போயிற்று என்று கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள், ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. "உசுரு எங்கயும் போவல. அது ஒரு அடுக்கு. நெனப்பு, கோவம், பாசம் எல்லாம் அடுக்குதான். கலைஞ்சா முடிஞ்சிச்சு." குழம்பில் உப்பில்லை என்கிற குரலில் இதைச் சொல்வார்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் மற்றவர்கள் செண்டாயான் பக்கம் வீடு வாங்கிப் போய்விட, அடுத்தடுத்து மூன்று வீடுகளில் மட்டும் ஆள் இருந்தது. இடப்பக்கம் சன்னாசி, நடுவில் இவர், வலப்பக்கம் நீலாவதி. அதில் அவருக்கு அப்படியொரு பெருமை. மூன்று பழங்களை வரிசையாக வைத்துக் காட்டுவார். படுத்த வரிசை அடுத்த சுற்றில் எழுந்து நிற்கும், அதற்கடுத்த சுற்றில் மறுபடி படுக்கும். "மூணு பேரு வரிசையா இருந்தா அழிவே இல்ல. பாத்துக்க."

போன மாதம் சன்னாசியை மகள் கோலா சாவாவுக்கு அழைத்துப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் நீலாவதி களத்துக்கு வந்து நின்றாள்.

"ரெண்டு இருந்தா என்னாவும்ணே?"

பொய் சொல்லியிருக்கலாம். கணக்குத் திமிர் விடவில்லை. "ரெண்டுன்னா நிக்காது. ரெண்டுமே போயிரும்."

"அப்ப நான் மவன் வீட்டுக்குப் போறதுல தப்பில்ல. ஒங்க கணக்கே சொல்லுதுல்ல." சிரித்தாள். போவதை எப்படிச் சொல்வது என்று தவித்தவளுக்கு அவரே வழி திறந்துவிட்டார்.

"அவசரமில்ல நீலா. இது வெறும் பழம்லா."

"இத்தன நாளா நாங்களுந்தான்ணே ஒங்களுக்குப் பழம்."

ஒரு மனுஷியிடம் போகாதே என்று சொல்ல எந்த விதியும் அவருக்குத் தெரியவில்லை.

நேற்று லாரி வந்து அவள் சாமான்களை ஏற்றிப் போயிற்று. இவர்தான் கட்டிலைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

இன்று களத்தில் ஒரே ஒரு பழம். சுற்றியுள்ள கட்டங்களை எண்ண வேண்டிய அவசியமில்லை, ஆனாலும் எண்ணினார். விதிப்படி எடுத்தாக வேண்டும். எடுக்காமல் வீட்டுக்கு வந்தார். துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சன்னாசி வீட்டுக் கொடியில் ஒரு சட்டையைப் போட்டார். நீலாவதி வீட்டுக் கொடியில் இன்னொன்றை உதறிப் போட்டார். பிறகு நடுவில், தன் வாசலில் வந்து நின்று, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.